ராசியில்லாத கை: ஒரு பற்று வரவுக் கணக்கு

காரைக்குடியில் எங்கள் உறவினர் வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, பந்தி முடிந்து வளவில் ஜமுக்காளம் விரித்தபின், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் ஒரு போக்கர் போட்டி நடத்தினார்கள். கல்யாண வீடுகளில் ரம்மிக்கு இருந்த இடத்தை மூன்று ஆண்டுகளாகப் போக்கர் பிடித்துக்கொண்டிருப்பதால், பெயர் கொடுக்க யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. இருபத்தேழு பேர் மூன்று வட்டமாக உட்கார்ந்தார்கள். பணம் கிடையாது, ஆளுக்கு நூறு புளியங்கொட்டை, ஜெயிப்பவருக்கு ஒரு பித்தளைத் தூக்கு. கணக்கு வாத்தியார் ஏமாற்ற மாட்டார் என்று யாரோ சொல்லிவிட்டதால், ஒரு வட்டத்துக்குச் சீட்டுப் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

பத்து மணி இருக்கும். எங்கள் அம்மான் தமக்கு வந்த இரண்டு சீட்டுகளின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், தம்மிடமிருந்த புளியங்கொட்டை அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளிவிட்டார். எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, தேவகோட்டைப் பையன் ஒருவன் மட்டும் எதிர்த்து நின்றான். அம்மானிடம் இரண்டு ஜாக்கி, அவனிடம் இரண்டு ராணி. அடுத்து வந்த சீட்டுகள் எதையும் மாற்றவில்லை. அம்மான் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே, "எனக்குத் தெரியும்டா. ஜாக்கி ஜோடி வந்தா நான் எந்திரிச்சிர வேண்டியதுதான். அது நமக்கு ராசியில்லே" என்றார்.

அதைக் கேட்டதும் ஆளுக்கு ஒரு கதை வந்தது. ஆஸும் எட்டும் சேர்ந்து வந்தால் வீட்டுக்கு ஆகாது என்றார் ஓர் ஆச்சி. ஆஸும் ராஜாவும் வந்தால் ஆசை காட்டி மோசம் செய்யும் என்றார் இன்னொருவர். ஏழும் இரண்டும் சனியன் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். ராசி என்ற ஒரே சொல்லைக்கொண்டு அவர்கள் மூன்று நான்கு வெவ்வேறு காரியங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதும், அவற்றில் சில உண்மையான கவனிப்பிலிருந்து பிறந்தவை என்பதும் அன்றிரவு எனக்குத் தோன்றியது. போக்கர் தெரியாதவர்களும் தொடர்ந்து வரும்படி அதைப் பிரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

ஆட்டம் எப்படி நடக்கிறது

உலகெங்கும் போட்டிகளில் பெரும்பாலும் ஆடப்படுவது ஹோல்டம் என்ற வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படுகின்றன. இக்கட்டுரையில் ஹோல்டம் பற்றிப் பேசும்போது ‘கை’ என்று சொல்வது இந்த இரண்டையே. பிறகு நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படுகின்றன: முதலில் மூன்று சேர்ந்தாற்போல், அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று. தம்முடைய இரண்டையும் பொதுவான ஐந்தையும் சேர்த்துப் பார்த்து, அந்த ஏழில் சிறந்த ஐந்தை அமைப்பவர் வெல்கிறார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், அல்லது சீட்டைக் கீழே வைத்து ஒதுங்கிவிடலாம். கையிருப்பு முழுவதையும் ஒரே தடவையில் நடுவில் தள்ளுவதற்கு ‘ஆல் இன்’ என்று பெயர். போட்டி ஆட்டத்தில் கையிருப்பு தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். கடைசிவரை உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான்.

ஒரு கட்டில் 52 சீட்டுகள். அவற்றிலிருந்து இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். ஜாக்கி ஜோடியை மட்டும் எடுத்துக்கொண்டால், கட்டில் நான்கு ஜாக்கிகள் இருப்பதால் அது 6 விதமாக அமையும். 1,326ஐ 6ஆல் வகுத்தால் 221. ஆகவே ஜாக்கி ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒரு முறை வரும்; ஆஸ் ஜோடிக்கும் இரண்டாம் எண் ஜோடிக்கும் இதே கணக்குத்தான். இந்த 221ஐ வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

மோசமான கை வேறு, ராசியில்லாத கை வேறு

ஏழும் இரண்டும் வெவ்வேறு சாதியில் வந்தால், அதாவது ஒன்று இஸ்பேட் இன்னொன்று ஆட்டின் என்பதுபோல் வந்தால், நிறையப் பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் அதைவிட மோசமான கை கிடையாது என்பதில் ஆட்டக்காரர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அதற்குக் காரணம் சீட்டிலேயே இருக்கிறது. இரண்டும் சிறிய சீட்டுகள். சாதி வேறு என்பதால் ஒரே சாதிச் சீட்டு ஐந்து சேர்ப்பதற்கு இரண்டும் ஒன்றுக்கொன்று உதவாது. அடுத்தடுத்த எண்களாக ஐந்தைக் கோக்கலாமென்றால் இரண்டிலிருந்து ஏழுவரை எண்ணிப் பார்த்தால் ஆறு வருகிறது. ஐந்துக்குள் இரண்டும் அடங்காது. உழைக்கவும் தெரியாது, சேர்ந்திருக்கவும் தெரியாது என்று எங்கள் ஆயா சிலரைச் சொல்வதுண்டு, அந்த இனம்.

ஆனாலும், இந்தக் கையைக் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கையோடு மோதவிட்டால், ஏறத்தாழ நூற்றுக்கு 35 தடவை இதுவே வெல்லும். ஆஸ் ஜோடியோடு நேருக்கு நேர் நின்றால்கூட நூற்றுக்குப் பன்னிரண்டு முறை அளவில் ஜெயிக்கும். இப்படி ஒரு செயல் நூற்றுக்கு எத்தனை முறை நடக்கக்கூடும் என்று எண்ணால் சொல்வதற்கு நிகழ்தகவு என்று பெயர்.

ஆக, மோசமான கை என்பது நிகழ்தகவு குறைந்த கை. அது எல்லோருக்கும் ஒரே அளவில் மோசம். சிங்கப்பூர்ப் பையனுக்கும் மோசம், ஆச்சிக்கும் மோசம். ராசியில்லாத கை என்று சொல்லும்போது சொல்லப்படுவது வேறு: கணக்குப்படி வெல்ல வேண்டிய கை, எனக்கு மட்டும் தோற்கிறது. பார்க்க வேண்டியது இந்த ‘எனக்கு மட்டும்’ என்பதைத்தான்.

தாயக்கட்டைக்கு ஞாபகம் கிடையாது

தாயம் ஆடாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமையாகவும் மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் இருக்கும். இரண்டையும் உருட்டினால் விழக்கூடிய விதங்கள் 16. அவற்றில் தாயம் விழுவது ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் வரும்போது மட்டும், அதாவது 2 விதம். ஆகவே தாயம் எட்டுக்கு ஒன்று.

எட்டுக்கு ஒன்று என்றால் எட்டாவது உருட்டலில் விழுந்தே தீரும் என்று பொருள் இல்லை. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் இருப்பதற்கு நிகழ்தகவு 34 சதவீதம். பதினாறு முறை உருட்டியும் விழாமல் இருப்பதற்கு 12 சதவீதம். எட்டுப் பேர் ஆடினால் அவர்களில் ஒருவர் காயை இறக்க முடியாமல், மற்றவர்கள் பாதிக் கட்டம் தாண்டும்வரை உட்கார்ந்திருப்பது சாதாரணம். அவரைப் பார்த்து, "இன்னைக்கு உனக்குக் கட்டை பகைச்சிருச்சு" என்று சொல்வோம். கட்டை யாரையும் பகைக்கவில்லை. முன்பு என்ன விழுந்தது என்பது அதற்குத் தெரியாது. முந்தைய முடிவு அடுத்த முடிவை எவ்விதத்திலும் பாதிக்காத இத்தகைய நிகழ்வுகளுக்குச் சார்பற்ற நிகழ்வுகள் என்று பெயர்.

சீட்டாட்டத்தில் ஒரே கைக்குள் இது பொருந்தாது. என்னிடம் இரண்டு ஜாக்கி இருந்தால் மீதிக் கட்டில் இரண்டுதான் இருக்கும். ஆனால் சீட்டைச் சேர்த்து, நன்றாகக் கலைத்து, வெட்டிப் போட்டபின் முந்தைய கை துடைத்தெறியப்பட்டுவிடுகிறது. ‘நன்றாக’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சீட்டுக் கட்டை இரண்டாகப் பிரித்து ஓரத்தை விரலால் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விழச்செய்யும் முறையில் ஏழு முறை கலைத்தால் போதும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற கணித அறிஞர்கள் 1992இல் நிறுவினார்கள். நம் வீடுகளில் சீட்டுக் கட்டை உள்ளங்கையில் வைத்து மேலிருந்து கொத்துக் கொத்தாக இழுத்துப் போடும் முறை அதைவிடப் பல மடங்கு பலவீனமானது. ஒரே மாதிரிக் கைகள் திரும்பத் திரும்ப வருவதாக யாராவது சொன்னால், நான் முதலில் சந்தேகப்படுவது கலைத்தவரின் சோம்பலை. அன்றைக்குக் கலைத்தவன் நானே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னது இவ்வளவு: சில கைகள் பிறப்பிலேயே மோசம், அதற்குச் சீட்டில் காரணம் உண்டு, ஆனால் ஒரு கை ஒருவரை மட்டும் தேடிப் பிடித்துத் தோற்கடிக்க அதற்கு ஞாபகசக்தி வேண்டும், அது சீட்டுக்கு இல்லை. அப்படியானால் ஏழும் இரண்டும் அல்லாமல், ஜாக்கி ஜோடியும் ஆஸ் ராஜாவும் போன்ற நல்ல கைகளின்மேல் ஏன் இவ்வளவு பழி விழுகிறது?

வாய் பெயர்வது புழங்கும் பாத்திரம்தான்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் இரண்டாம் கட்டு அறைகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு, இரும்பின்மேல் எனாமல் பூசிய மங்குச் சாமான்கள் தெரியும். பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தவை, கடல் கடந்து போனவர்கள் வாங்கி அனுப்பியவை என்று அடுக்கடுக்காக இருக்கும். பூட்டிய அறையில் இருக்கும் நூறில் ஒன்றுகூட வாய் பெயர்ந்திருக்காது. அடுப்படியில் தினமும் புழங்கும் நான்கைந்து மட்டும் ஓரம் பெயர்ந்து, உள்ளே இரும்பு கறுத்துத் தெரியும். புழக்கத்துக்கு எடுத்தவை நீலப் பூப் போட்டவையாக இருந்து, புதிதாக வந்த மருமகள் அதைக் கவனித்தால், ‘நீலப் பூப் போட்ட மங்கு இந்த வீட்டுக்கு ராசியில்லை’ என்றே முடிவு கட்டுவாள். அவள் கண் பார்த்தது பொய்யில்லை. புழங்கியதால் பெயர்ந்தது என்பது மட்டும் அவள் கணக்கில் இல்லை.

போக்கரிலும் இதுதான் நடக்கிறது. ஒன்பது பேர் உட்கார்ந்த மேசையில், நிதானமாக ஆடுகிறவர் பத்தில் ஏழெட்டுக் கைகளை ஒன்றும் செய்யாமல் கீழே வைத்துவிடுவார். ஏழும் இரண்டும் வந்தால் வைத்துவிடுகிறோம். பூட்டிய அறை அது. அதனால் யாரும் மொத்தத்தையும் இழப்பதில்லை. ஆஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஜாக்கி ஜோடி, ஆஸ் ராஜா ஆகியவற்றை நம்பித்தான் கையிருப்பு முழுவதையும் வைக்கிறோம். எனவே போட்டியிலிருந்து நம்மை வெளியேற்றும் கை பெரும்பாலும் நல்ல கையாகவே இருக்கும். எல்லாவற்றையும் சமமாகப் பார்க்காமல் ஏதோ ஒரு வகையில் வடிகட்டி வந்தவற்றை மட்டும் பார்த்து முடிவு செய்வதால் வரும் இந்தப் பிழைக்குத் தேர்வுச் சாய்வு என்று பெயர்.

போட்டியின் அமைப்பு இந்தச் சாய்வை இன்னும் கூட்டுகிறது. அமெரிக்காவில் 1970 முதல் நடந்துவரும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், 2003ஆம் ஆண்டு 839 பேர் கலந்துகொண்டார்கள். கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாத ஒருவர், அதில் வென்றது பெரிய செய்தியாகி, உலகெங்கும் பொழுதுபோக்காக ஆடுகிறவர்களை அலையலையாகப் போட்டிகளுக்குள் இழுத்துவந்தது. வென்றவர் கதை எல்லோருக்கும் தெரியும். மீதி 838 பேரும் ஏதோ ஒரு தோற்ற கையை மனத்தில் சுமந்துகொண்டுதான் எழுந்திருப்பார்கள். அன்று எங்கள் வளவிலும் 27 பேர் உட்கார்ந்தார்கள், 26 பேர் அப்படி எழுந்தார்கள். போட்டி ஆட்டம் என்பது தோல்விக் கதைகளை உற்பத்தி செய்வதற்கென்றே அமைந்த ஏற்பாடு.

இன்னொரு கணக்கும் உண்டு. நூற்றுக்கு எண்பது முறை வெல்லக்கூடிய நல்ல நிலையில் மட்டுமே ஒருவர் ஆல் இன் வைக்கிறார் என்று கொள்வோம். எதிராளி தம்மைவிட அதிக இருப்பு வைத்திருக்கும் நிலையில் அப்படி ஐந்து முறை வைக்க நேர்ந்தால், ஐந்திலும் தப்பிப்பதற்கு நிகழ்தகவு எண்பது சதவீதத்தை ஐந்து முறை பெருக்கினால் வருவது: ஏறத்தாழ 33 சதவீதம். எந்தத் தவறும் செய்யாத மூவரில் இருவர் வெளியேறிவிடுவார்கள். அந்த இருவரிடமும் நாம் கேட்டால், நல்ல கை தம்மைக் கவிழ்த்தது என்றே சொல்வார்கள். அதில் பொய்யும் இருக்காது.

பற்று மட்டும் எழுதிய சிட்டை

நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் கடையில் முதலில் கற்றுக்கொடுத்தது சிட்டை எழுதுவது. அன்றாடம் நடப்பதை நடந்தவுடன் சிட்டையில் குறிக்க வேண்டும். பிறகு பேரேட்டில் ஏற்ற வேண்டும். முடிவில் ஐந்தொகை போட்டால்தான் லாபமா நட்டமா என்பது தெரியும். பற்றை மட்டும் எழுதி வரவை எழுதாமல் விட்ட பையன் ஐந்தொகை போட்டால், நன்றாக நடக்கும் கடையும் திவாலானதாகவே காட்டும்.

நம் மனம் அந்தப் பையனைப் போன்றது. ஜாக்கி ஜோடியோடு மொத்தத்தையும் இழந்து எழுந்து போன இரவு அப்படியே பதிகிறது: எதிராளியின் முகம், சிரித்தவர் பெயர், காப்பி ஆறிப்போனது உட்பட. அதே ஜாக்கி ஜோடியை வைத்துச் சிறிய பந்தயம் கட்டி, எல்லோரும் ஒதுங்கிவிட, பத்துப் புளியங்கொட்டையை வாரிக்கொண்ட கை ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுகிறது. எது எளிதில் நினைவுக்கு வருகிறதோ அதையே அடிக்கடி நடப்பதாக மனிதர்கள் கருதிவிடுகிறார்கள் என்பதை ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இல் விரிவாக எழுதினார்கள்.

இப்போது 221க்கு வருவோம். வீட்டில் நடக்கும் போட்டியில் கையால் கலைத்து, பேசிச் சிரித்து, நடுவில் வெற்றிலை போட்டு ஆடினால் மணிக்கு இருபத்தைந்து கை நடந்தால் அதிகம். ஒருவர் மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தால் அவருக்கு எழுபத்தைந்து, எண்பது கை கிடைக்கும். அம்மான் இந்த மூன்று ஆண்டுகளில் ஆடியது, நானும் அவரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்ததில், பத்துப் போட்டி. எண்ணூறு கை என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எண்ணூறை 221ஆல் வகுத்தால் மூன்றரை சொச்சம். ‘எப்போது வந்தாலும் கவிழ்க்கும்’ என்று அவர் சொல்லும் அந்த ஜாக்கி ஜோடி, அவருக்கு மொத்தமாக மூன்று நான்கு முறைதான் வந்திருக்கக்கூடும். நான்கு என்றே கொள்வோம். ஜாக்கி ஜோடி ஆஸ் ராஜாவோடு மோதினால் ஏறத்தாழ 57 சதவீதம் வெல்லும். நான்கு முறையும் அப்படி மோதினால், குறைந்தது இரண்டு முறை தோற்பதற்கு நிகழ்தகவு 58 சதவீதம். நான்கில் இரண்டு தோல்வி என்பது, அதிசயம் ஒருபுறம் இருக்க, இயல்பாக எதிர்பார்க்க வேண்டிய முடிவு.

சடங்குகளின் கதையும் இதை ஒட்டியதே. அம்மான் எல்லாச் சீட்டும் விழுந்து முடியும்வரை தம் சீட்டைத் தொடமாட்டார், தொட்டால் இடக்கையால்தான். பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் 1948இல் வெளியிட்ட சோதனையில், பசித்த புறாக்களுக்கு அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி வந்து விழும்படி வைத்தார். எட்டுப் புறாக்களில் ஆறு, தீனி விழுந்த சமயத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்த அசைவையே திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இடக்கைச் சடங்கால் கெடுதல் ஒன்றும் இல்லை என்பதால் அதை நான் அம்மானிடம் கிளறவில்லை.

செத்தவன் கையும் எட்டாம் எண்ணும்

ஆச்சி சொன்ன ஆஸ் எட்டுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. வைல்டு பில் ஹிக்காக் என்று பெயர் பெற்ற துப்பாக்கி வீரர், 1876 ஆகஸ்ட் 2ஆம் தேதி அமெரிக்காவின் டெட்வுட் ஊரில் போக்கர் ஆடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவர் கையில் கறுப்பு ஆஸ் இரண்டும் கறுப்பு எட்டு இரண்டும் இருந்தன என்பது கதை. அதனால் அதற்குச் ‘செத்தவன் கை’ என்று பெயர். அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, 1926இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாறு ஒன்றின் வழியாகத்தான் இது பரவியது. அதற்கு வெகு முன்பே, 1886இல், அதே பெயர் அச்சில் வருகிறது. ஆனால் அங்கே அது குறிப்பது மூன்று ஜாக்கியும் இரண்டு பத்தும். பெயர் முதலில் இருந்தது, பிணம் பிறகு வந்து சேர்ந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. இதைக் கேட்டதும் அம்மான், "நான் சொல்லலே, ஜாக்கிதான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுபக்கமும் இருக்கிறது. பத்தும் இரண்டும் ஏறத்தாழக் குப்பையில் சேர்க்க வேண்டிய கை. டாயல் பிரன்சன் 1976, 1977 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றபோது, இரண்டு முறையும் கடைசிக் கையில் அவரிடம் இருந்தது அதுதான். இன்றைக்கும் அந்தக் கை அவர் பெயராலேயே வழங்குகிறது. அதை ராசியான கை என்று நம்பி வைத்து இழந்தவர்களின் பெயரால் எந்தக் கையும் வழங்கவில்லை.

எட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் எண் கணிதத்தில் எட்டு சனிக்கு உரியது. வீட்டு எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளோ, அங்கே சீனர்கள் எட்டு வருகிற வண்டி எண்ணுக்குப் போட்டி போடுவார்கள் என்றார்கள். எட்டு ஜோடி என்று ஒன்று ஒரே ஜமுக்காளத்தின் ஒரு முனையில் சனியனாகவும் மறுமுனையில் லட்சுமியாகவும் இருக்க வேண்டியதாயிற்று.

அம்மானின் ஜாக்கி உண்மையாகவே தோற்பது ஏன்

இவ்வளவு சொன்னபின்னும் ஒரு சங்கடம் மீதி இருக்கிறது. அம்மான் நினைவுப் பிழையால் மட்டும் பேசவில்லை. மற்றவர்கள் ஆடும்போது தோற்பதைவிட, அவர் ஆடும்போது ஜாக்கி ஜோடி அதிகமாகத் தோற்கக்கூடியதுதான். அதற்குக் காரணம் சீட்டில் இல்லை, அவர் அதை ஆடும் விதத்தில் இருக்கிறது; அந்த விதத்தை உண்டாக்கியதோ, ராசியில்லை என்ற நம்பிக்கை.

ஜாக்கி ஜோடி வைத்திருப்பவருக்கு ஒரு பயம் இயல்பாகவே உண்டு. முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில் ராணியோ ராஜாவோ ஆஸோ ஒன்றாவது வந்துவிட்டால், எதிராளிக்கு அதில் ஜோடி சேர்ந்திருக்குமோ என்ற கலக்கம் வரும். அப்படி ஒன்றாவது வருவதற்கு நிகழ்தகவு 57 சதவீதம், பாதிக்கு மேல். எனவே ஜாக்கி ஜோடி ஆடுவதற்குக் கடினமான கை என்பதை அனுபவசாலிகளும் ஒப்புக்கொள்கிறார்கள். ஏற்கெனவே ராசியில்லை என்று நினைப்பவருக்கு இந்தக் கலக்கம் தாங்குவதில்லை. அந்த மூன்று சீட்டைப் பார்க்கவே வேண்டாம், போனால் ஒரேயடியாகப் போகட்டும் என்று எடுத்தவுடன் எல்லாவற்றையும் நடுவில் தள்ளுகிறார். அன்றிரவு அம்மான் செய்தது அதுவே.

தள்ளியபின் என்ன நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். எதிரில் இருப்பவர்களிடம் பத்தும் ஒன்பதும், ஆஸும் நான்கும், ஐந்து ஜோடி போன்ற கைகள் இருக்கும். இவற்றையெல்லாம் ஜாக்கி ஜோடி சுலபமாக வெல்லும். ஆனால் ஒரு மலை போலப் புளியங்கொட்டை முன்னால் வந்து விழுந்ததும் இவர்கள் எல்லோரும் சீட்டைக் கீழே வைத்துவிடுகிறார்கள். எதிர்த்து நிற்பவர் ராணி ஜோடி, ராஜா ஜோடி, ஆஸ் ஜோடி, ஆஸ் ராஜா ஆகியவற்றில் ஒன்றை வைத்திருப்பவராக மட்டுமே இருப்பார் என்று கொள்வோம். மூன்று ஜோடிகளும் ஒவ்வொன்றும் 6 விதம், மொத்தம் 18. ஆஸ் ராஜா நான்கு ஆஸையும் நான்கு ராஜாவையும் பொருத்தினால் 16 விதம். பெரிய ஜோடியோடு மோதும் ஜாக்கி ஜோடி ஐந்தில் ஒரு முறைக்கும் சற்றுக் குறைவாகவே வெல்லும். ஆஸ் ராஜாவோடு மோதினால் பாதிக்குச் சற்று மேல். இரண்டையும் 18க்கு 16 என்ற விகிதத்தில் கலந்தால் ஏறத்தாழ 36 சதவீதம் வருகிறது. ஏதோ ஒரு கையோடு கண்ணை மூடிக்கொண்டு மோதவிட்டால் இதே ஜாக்கி ஜோடி 77 சதவீதம் வெல்லக்கூடியது.

எழுபத்தேழு எங்கே, முப்பத்தாறு எங்கே. சீட்டு மாறவில்லை, எதிரில் நிற்பவர் மாறிவிட்டார். தோற்கக்கூடியவர்களையெல்லாம் அம்மானே விரட்டிவிட்டு, ஜெயிக்கக்கூடியவரை மட்டும் உட்கார வைத்துக்கொண்டார். இருப்பு மிகக் குறைந்துபோன கட்டத்தில் இப்படித் தள்ளுவது சரியான ஆட்டமே. நிறைய இருப்பு இருக்கும்போது பயத்தால் தள்ளுவதுதான் இழப்பு. நம்பிக்கை ஆட்டத்தை மாற்றுகிறது, மாறிய ஆட்டம் தோல்வியைக் கூட்டுகிறது, கூடிய தோல்வி நம்பிக்கைக்குச் சாட்சி சொல்கிறது. தேங்காயை அழுகல் என்று பயந்து ஓங்கிச் சிதறவிட்டு, பார் எவ்வளவு தண்ணீர் வீணாயிற்று என்று சொல்வதுபோல.

மறுநாள் காலை, பலகாரத் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, இதையெல்லாம் ஒரு தாளில் அம்மானுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். ஒப்புக்கொண்டாரா இல்லையா என்பது முகத்தில் தெரியவில்லை. "அப்ப, வந்த கையெல்லாம் எழுதி வச்சாத் தெரிஞ்சிரும்ங்கிறே" என்றார். ஆமாம், ஜெயித்ததையும் எழுத வேண்டும், எப்படி ஆடினீர்கள் என்பதையும் எழுத வேண்டும் என்றேன். பேத்தியிடமிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டார். அதன் கீழே நடுவில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று என்று தலைப்பிட்டார். பற்றுப் பக்கத்தில் ‘ஜாக்கி ஜோடி, தேவகோட்டையான், 1’ என்று எழுதினார். வரவுப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த கல்யாணம் தை மாதம்.